நாலரை மணிப் பசிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

என் அலுவலக மேசைக்கு இடது பக்கம் மூன்று டிராயர்கள். மேல் டிராயரில் பேனா, ரசீதுக் கட்டு. நடு டிராயரில் கோப்புகள். கீழ் டிராயரில் எட்டு வருடமாக பிஸ்கட், சிப்ஸ், கப் நூடுல்ஸ், இரண்டு மூன்று சாக்லேட். கணக்கு வேலை என்பதால் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பேன். நாலரை மணி ஆனதும் கை தானாகக் கீழ் டிராயருக்குப் போகும்.

44 வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 6.5 ஆகிவிட்டால் நோய் என்றே எழுதிவிடுவார்கள். "சாப்பாட்டை மாத்துங்க, தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். எதை மாற்றுவது, எங்கிருந்து தொடங்குவது என்றெல்லாம் கேட்க அங்கே நேரம் இல்லை. அடுத்த இரண்டு வருடம் நானே செய்து பார்த்தேன். சில விஷயங்கள் நிலைத்தன, பல நிலைக்கவில்லை. நிலைத்தவற்றை எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிற யாருக்காவது அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுபவர்கள், சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இதில் அவசரம் கூடாது.

முதல் வாரம் எழுதுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்

பரிசோதனை முடிவு வந்த அன்று மாலையே வீட்டில் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் மூட்டை கட்டி வெளியே வைத்தேன். இனிமேல் தொடவே மாட்டேன் என்று பிள்ளைகள் எதிரில் சொன்னேன். மூன்றாவது வாரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அப்போது என் மனஉறுதியில்தான் குறை என்று நினைத்து ரொம்பவும் நொந்துகொண்டேன். காரணம் அதுவல்ல. நாலரை மணிக்குப் பசித்தது, கையெட்டும் தூரத்தில் வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு சின்ன நோட்டு. ஏழு நாள், வாய்க்குள் போன எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். எதையும் குறைக்கவில்லை, நல்ல பெயர் வாங்கவும் முயலவில்லை. எழுதும்போது இரண்டு விஷயம் சேர்த்து எழுதுங்கள்: அப்போது உண்மையிலேயே பசித்ததா, அது எங்கே இருந்தது. மேசையிலா, பையிலா, சமையலறை அலமாரியிலா, அல்லது யாராவது கொண்டுவந்து நீட்டினார்களா?

ஏழு நாள் கழித்து நோட்டைப் புரட்டினால், என் மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய குற்றம் இல்லை. வீட்டில் சமைத்த சாப்பாடுதான். பாக்கெட் எல்லாம் இரண்டே இடத்தில் குவிந்து கிடந்தன. ஒன்று மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. இன்னொன்று இரவு வேலையெல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல். மாலை வேளையில் உண்மையான பசி. இரவில் பசியே இல்லை, அசதி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பசிக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். அசதிக்குத் தூக்கம்தான். பத்து மணிக்குப் பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போனதில் பாதி சரியாகிவிட்டது.

உங்கள் வேளை வேறாக இருக்கும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குத் தவிப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு முடிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு வேளையைக் கண்டுபிடித்துவிட்டால் நாள் முழுவதையும் புரட்டிப் போட வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

பாக்கெட் எல்லாமே கெட்டதா?

இல்லை. இதில் குழம்பி நான் சில மாதம் வீணாக்கினேன். பால் பாக்கெட்டில்தான் வருகிறது, பருப்பும் பாக்கெட்டில்தான் வருகிறது. உறைய வைத்த பட்டாணியும் அப்படித்தான். அதைப் பறித்தவுடன் லேசாக வெந்நீரில் காட்டி உறைய வைத்துவிடுவதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். நான்கு நாள் வாடிக் கிடந்த காயைவிட அது மேல்.

பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டெய்ரோ என்ற பேராசிரியரின் குழு, உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரித்தது. நோவா என்று அந்த முறைக்குப் பெயர். முதல் வகை காய், பழம், தானியம், பருப்பு, முட்டை, மீன், பால் போல இயற்கையாகவோ கொஞ்சம் மட்டும் மாற்றியோ கிடைப்பவை. இரண்டாவது எண்ணெய், உப்பு, சர்க்கரை போல சமைக்கச் சேர்ப்பவை. மூன்றாவது அந்த இரண்டையும் சேர்த்துச் செய்த சாதாரண ரொட்டி, பாலாடைக்கட்டி போன்றவை. நான்காவதுதான் நாம் ஒதுக்க வேண்டியது. வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்களைக் கொண்டு ஆலையில் உருவாக்குபவை: குளிர்பானம், சிப்ஸ், க்ரீம் பிஸ்கட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், காலை உணவு என்று விற்கிற இனிப்புத் தூள்கள்.

கடையில் நின்றுகொண்டு நான்கு வகையை நினைவுபடுத்திக்கொண்டிருக்க முடியாது. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலை வாசிக்கிறேன். பெயர்கள் என் சமையலறையில் இருப்பவையாக இருந்தால் கூடையில் போடுகிறேன். எமல்சிஃபையர், சுவையூட்டி, நிறமி, சிரப் என்று வரிசையாக வந்தால் திரும்ப வைத்துவிடுகிறேன். பத்தில் ஒன்பது முறை இந்த ஒரு சோதனை போதும்.

பட்டியலை வாசிக்கும் முறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் ஏமாந்தது இதில்தான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுவார்கள். முதல் மூன்று பெயரில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம், முன்பக்கம் எத்தனை கதிர்களின் படம் இருந்தாலும் சரி. ஆனால் சர்க்கரை ஒரே பெயரில் வராது. குளூக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், தேன், பழச்சாறு அடர்கரைசல் எல்லாம் அதுவே. இப்படிப் பிரித்து எழுதும்போது ஒவ்வொன்றின் எடையும் குறைந்து பட்டியலில் கீழே போய்விடும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று வரும். அது சர்க்கரைக் கணக்கில் சேராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரை போலவே வேகமாக ஏறும்.

அப்புறம், "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருக்கும் கணக்கை நம்பி நிற்காதீர்கள். என் டிராயரில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட். நான் ஐந்து சாப்பிடுவேன். 100 கிராமுக்கு என்ன என்று போட்டிருக்கும் பத்தியைப் பார்த்து, நீங்கள் உண்மையில் சாப்பிடும் அளவுக்குப் பெருக்குங்கள். அந்தப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 490 கலோரி, சர்க்கரை 35 கிராம். என் ஐந்து பிஸ்கட் 60 கிராம். ஆக 294 கலோரி, 21 கிராம் சர்க்கரை.

உப்பை சோடியம் என்று போடுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ஒரு பாக்கெட்டிலேயே 1000 மில்லிகிராம் சோடியத்தைத் தொடுபவை இருக்கின்றன. அதாவது இரண்டரை கிராம் உப்பு, அரை நாள் கணக்கு.

வீட்டில் இதை வாயால் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தேன். 330 மில்லி குளிர்பானக் கேன் ஒன்று இருந்தது. 100 மில்லிக்கு 10.6 கிராம் என்று போட்டிருந்தது, மொத்தம் 35 கிராம். என் மகளுக்கு 13 வயது. அவள் கையில் சர்க்கரை டப்பாவையும் டீஸ்பூனையும் கொடுத்து, "நீயே அளந்து போடு கண்ணு" என்றேன். வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டாள். ஐந்தாவது ஸ்பூனில் நிறுத்தி, "போதுமாம்மா?" என்றாள். தராசு 20 காட்டியது. ஒன்பதாவது ஸ்பூனுக்குப் பிறகுதான் 35 வந்தது. தட்டின் நடுவில் ஒரு சின்னக் குன்று. "இவ்ளோவும் உள்ளயா போகுது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிறகு அவளாகக் கேன் கேட்டது மிகக் குறைவு. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை இதில் சேராது. பழச்சாறும் தேனும் சேரும்.

பாக்கெட் தின்பண்டம் ஏன் கை நிற்காமல் உள்ளே போகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தது. இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண முழு உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கொடுத்த நாள்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. முழு உணவுக்கு மாறியபோது அதே 0.9 கிலோ இறங்கியது. முடிவு 2019இல் வெளியானது. அதைப் படித்த இரவு எனக்குப் பெரிய ஆறுதல். எட்டு வருடமாக என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த உணவு செய்யப்பட்ட விதமே அப்படி.

டிராயரை நிரப்புவது

வெறும் டிராயர் திரும்பவும் பாக்கெட்டால் நிரம்பிவிடும். அதனால் முதலில் நல்லதை நிரப்புங்கள், அப்புறம் பாக்கெட்டை விடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நாலரை மணிக்கு வைக்கும் உணவில் புரதமும் நார்ச்சத்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் திரும்பப் பசிக்கும். நான் முதலில் வெறும் ஆப்பிள் கொண்டுபோனேன், ஐந்தரைக்குள் பக்கத்து மேசைக்காரரின் சிப்ஸில் கை போட்டிருந்தேன். ஆப்பிளோடு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை சேர்த்தபோது ஆறரை வரை தாங்கியது. எனக்குச் சரிப்பட்டவை: அவித்த முட்டை இரண்டு, அல்லது ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை, அல்லது பழத்தோடு ஒரு பிடி கொட்டை வகை, அல்லது இனிப்புச் சேர்க்காத தயிரில் நறுக்கிப் போட்ட வெள்ளரி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கும். கொட்டைகளில் மட்டும் அளவு வேண்டும். உள்ளங்கை நிறைய என்றால் ஏறக்குறைய 30 கிராம், அது 170 கலோரி. டப்பாவோடு எடுத்துப்போய் மேசையில் வைக்காதீர்கள்.

கொண்டைக்கடலைதான் என் வாரத்தின் முதுகெலும்பு, அதனால் அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை இரவு அரைக் கிலோ கடலையை இரண்டு மூன்று முறை அலசி, கடலை மூழ்கி மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊறவைப்பேன். காலையில் அது இரண்டு மடங்காகப் பருத்திருக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், வயிற்று உப்புசம் அதனால் குறையும். புதுத் தண்ணீர் விட்டு, உப்பு அரை ஸ்பூன் போட்டு குக்கரில் வேகவைப்பேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் தோல் மட்டும் நழுவி உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் கடுக்கென்று இருந்தால் இன்னும் வேகவில்லை, மாலையில் அதைச் சாப்பிட்டால் வயிறு கேள்வி கேட்கும். தண்ணீரை வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, சின்ன டப்பாக்களில் பிரிப்பேன். மூன்று டப்பா ஃபிரிட்ஜில், மிச்சம் ஃப்ரீஸரில். வேகவைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஃப்ரீஸர் டப்பாவை முதல் நாள் இரவே கீழே ஃபிரிட்ஜுக்குள் இறக்கிவிட்டால் காலையில் தயார். இதே முறையில் சிவப்பு ராஜ்மா செய்பவர்கள் கவனம்: அது அரைவேக்காடாக இருந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும்.

காய்கறி வாங்குவதில் என் பழக்கம் ஒன்றுதான்: வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கக்கூடியதை நறுக்கி வைத்துவிடுவது. கேரட் முழுசாக அடித்தட்டில் கிடந்தால் வெள்ளிக்கிழமை வரை அங்கேயே கிடக்கும். விரல் நீளத் துண்டுகளாகக் கண் மட்டத்தில் இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் காணாமல் போய்விடும். கீரையை மட்டும் கழுவாமல், துணியில் சுற்றி வையுங்கள், ஈரம் பட்டால் அழுகிவிடும். பீன்ஸை வளைத்தால் டப்பென்று ஒடிய வேண்டும், ரப்பர் மாதிரி வளைந்தால் வேண்டாம். மீனுக்குக் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும், சதையில் விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் எழும்ப வேண்டும். முட்டையைத் தண்ணீரில் போட்டால் புதியது அடியில் படுத்துக்கொள்ளும். நாளாக ஆக உள்ளே காற்று கூடி நிமிரும், மிதந்தால் ரொம்பப் பழையது.

ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது இருக்கட்டும் என்கிறார்கள். அளந்துகொண்டிருக்க வேண்டாம், இரண்டு வேளை தட்டில் பாதியைக் காய்க்கு ஒதுக்குங்கள், நடுவில் இரண்டு பழம். தானியத்தில் தவிடு நீக்காததற்கு மெல்ல மாறுங்கள். ஒரேயடியாக நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும், இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

சாப்பிட்டதைக் கரைக்க நடக்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இது. நாற்பது நிமிடம் வேர்க்க நடந்துவிட்டு, நடந்துவிட்டோமே என்று வரும் வழியில் பாக்கெட் ஜூஸ் குடிப்பேன். நான்கு மாதம் இப்படி நடந்தும் எடை அசையவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. என் எடைக்கு அரை மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 100லிருந்து 150 கலோரி. அந்த ஐந்து பிஸ்கட்டைக் கரைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். சாப்பாட்டுக் கடனை நடையால் அடைக்க முடியாது. நடையைத் தண்டனையாக நினைக்கத் தொடங்கினால் சீக்கிரமே வெறுத்தும் போகும்.

நடையால் கிடைப்பது வேறு. தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. இதயத்துக்கு நல்லது என்பது எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதினார். நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அதே பேருந்து, வேலை மட்டும் வேறு. நான் ஓட்டுநர் மாதிரி உட்காருகிற ஆள். இதைப் படித்த நாளிலிருந்து அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக்கிவிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய் நிரப்பியே ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. மிதமானது என்றால் என்ன என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற கணக்குக்காக யாரும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1960களில் ஜப்பானில் விற்ற, காலடிகளை எண்ணும் ஒரு கருவிக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று வைத்த பெயரிலிருந்து பரவியது அது. மருத்துவர்கள் வகுத்த எல்லை இல்லை.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். நான் முதல் நாளே நாற்பது நிமிடம், தேய்ந்த செருப்போடு வேகமாக நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றும்போது குதிகாலில் ஊசி குத்தியது போல வலி. இரண்டு வாரம் நடக்க முடியவில்லை. குதிகாலைப் பிடித்து நிறுத்தும் ஷூ வாங்குங்கள், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாவது வாரம் அரை மணியில் நிற்பீர்கள்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயம் இல்லை. பெண்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், நானும் ஒரு வருடம் விட்டேன். நாற்பதுக்கு மேல் பயன்படுத்தாத தசை மெல்லக் கரைந்துகொண்டே போகும், சர்க்கரையைப் பிடித்து வைக்கும் பெரிய கிடங்கும் அதுதான். வீட்டில் ஒரு உறுதியான நாற்காலி போதும். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குவதுதான் பயிற்சி. பத்து முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றி முன்னால் சாய்ந்து தள்ளி நிமிர்வது பத்து முறை. இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. இதை மூன்று சுற்று, செவ்வாயும் வெள்ளியும். இருபது நிமிடம் ஆகும். நாற்காலி சுலபமாகிவிட்டால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

இப்போது நாலரை மணியையும் நடையையும் சேர்க்கும் இடத்துக்கு வருகிறேன், எனக்கு எல்லாம் சரியானது இங்கேதான். முன்பெல்லாம் காலையில் நடக்க முயன்றேன். பிள்ளைகளைக் கிளப்பும் அவசரத்தில் வாரம் மூன்று நாள் தவறும். இப்போது நாலரைக்கு டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறேன், ஆறரைக்கு வேலை முடிந்ததும் நேராக அரை மணி நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். ஷூ மேசைக்குக் கீழேயே இருக்கும். மாலை சாப்பிட்டிருப்பதால் நடக்கத் தெம்பு இருக்கிறது. நடந்துவிட்டு வருவதால் இரவு பத்தரைக்குத் தூக்கம் தானாக வருகிறது. தூக்கம் வந்துவிட்டால் இரவுக் கொறிப்பு இல்லை. ஒன்றை இழுத்தால் அடுத்தது வருகிறது. தனித்தனியாக முயன்றபோது இரண்டுமே எனக்கு நிற்கவில்லை.

தவறும் நாள்கள்

விருந்து, பயணம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் வரும். விருந்துக்குப் பசியோடு போகாதீர்கள். அங்கே பிடித்ததை ஒரு தட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள், அடுத்த நாள் பட்டினி கிடக்காதீர்கள். பயணத்துக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு சின்ன டப்பா கடலையும் கைப்பையில் இருக்கட்டும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பழக்கம் பற்றி நடத்திய ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, பழகவில்லையே என்று நான் ஒருமுறை விட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படி விடாதீர்கள். நோட்டில் தவறிய நாளையும் எழுதுங்கள், அடுத்த வேளைக்கு டப்பா இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டில் மற்றவர்களை வற்புறுத்தாதீர்கள் என்பேன். என் வீட்டுக்காரருக்கு மாலையில் டீயோடு பிஸ்கட் வேண்டும். அவருடைய பாக்கெட்டை மேல் அலமாரியில் மூடிபோட்ட டப்பாவில் வைத்தேன், மேசைமேல் நறுக்கிய பழத்தை வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவர் முதலில் பழத்தட்டைக் காலி செய்கிறார், சில நாள் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

இப்படி எட்டு மாதம் போன பிறகு எடுத்த பரிசோதனையில் 6.1 என்பது 5.8 ஆகியிருந்தது. இன்னும் முழுதாக இறங்கவில்லை. இரவுச் சாப்பாடு எனக்கு இன்னும் ஒன்பதரை ஆகிறது, அதை எட்டுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். கீழ் டிராயரில் இப்போது ஒரு ஸ்பூன், ஒரு கைத்துணி, மூடி இறுக்கமான இரண்டு டப்பா. சனிக்கிழமை இரவு கடலை ஊறவைக்க மறக்காமல் இருக்க, மொபைலில் ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.